மார்க் எடுத்த கட்டைவிரல்

கடலூரில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். எங்கள் பக்கத்தில் நலம் விசாரிப்பது என்றால் மார்க் விசாரிப்பதுதான். கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனிடம், பாயசம் ஊற்ற வருகிறவர்கூட வாளியைக் கையில் பிடித்தபடி "கணக்குல எவ்ளோ?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவார். என் பிழைப்பே அந்தப் பழக்கத்தால்தான் ஓடுகிறது என்பதால் நான் அதைக் குறை சொன்னதில்லை. ஆனால் இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று வாயில் குழாயோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும்போதும் எங்கள் ஆட்கள் அதையே கேட்பார்கள் என்று நினைத்ததில்லை. அந்தக் குழந்தை என் மகள்.

சாதாரணச் சளி என்றுதான் ஆரம்பித்தது. பிறகு நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வர மூச்சு விட்டாள். நிமோனியா என்றார் கடலூர் டாக்டர். குழந்தைகளுக்கான வெண்டிலேட்டர் உள்ள இடமாகப் பார்த்து உடனே சிதம்பரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வந்தது நான் அல்ல, அண்ணி.

அண்ணி என்பது என் கணவரின் அக்கா. தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் தவறிய பிறகு எங்களோடு வந்துவிட்டார். நானும் என் கணவரும் வேலைக்குப் போய்விட, பகல் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவர்தான். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அவர் கையால். நான் சாயங்காலம் வந்து கைப்பையை மாட்டிவிட்டு அம்மா என்ற பதவியை ஏற்றுக்கொள்வேன். ஆம்புலன்ஸில் நான் கையை நீட்டியபோதும் குழந்தை அவர் கழுத்தை விடவில்லை.

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறக்கி, வெண்டிலேட்டரோடு இணைத்தார்கள். ஒரு கையில் ஊசிக்கட்டு. குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இன்னொரு கையைத் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். மிச்சம் இருந்தது கால்தான். வலது காலின் கட்டைவிரலில் ஒரு டேப்பைச் சுற்றினார்கள். அதற்குள்ளிருந்து சிவப்பு வெளிச்சம் வந்தது. அந்தச் சின்ன விரல் முழுக்கச் சிவந்து தெரிந்தது.

"இது ஊசி குத்தாமலே ரத்தத்துல ஆக்சிஜன் எவ்ளோ இருக்குன்னு காட்டும்மா" என்றார் டாக்டர். வயதில் என்னைவிடச் சிறியவர். தூக்கம் போதாத கண். "வெளிச்சம் விரலுக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வரும். ரத்தத்தோட நெறத்த வச்சு மிஷின் கணக்குப் போட்டுச் சொல்லும். மணிக்கொரு தடவ குழந்தையக் குத்த வேணாம் பாருங்க."

திரையில் தொண்ணூற்றொன்று என்று இருந்தது. வேறு எத்தனையோ எண்கள் அந்தத் திரையில் ஓடின. எங்கள் குடும்பத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று புரிந்த எண் அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் டாக்டர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெளியே காத்திருக்கும் கூடத்துக்கும் உள்ளே இருக்கும் வார்டுக்கும் நடுவில் பெரிய கண்ணாடி. என் மகளின் கட்டில் கண்ணாடியை ஒட்டி முதலாவதாக இருந்தது. மதியத்தில் சிறிது நேரம் ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். மற்ற நேரமெல்லாம் கண்ணாடியில் மூக்கை வைத்து எண்ணைப் பார்ப்பதுதான் வேலை. ரிசல்ட் வரும் நாளில் பள்ளி அறிவிப்புப் பலகை முன்னால் நிற்கும் கூட்டத்தை வருஷா வருஷம் பார்க்கிறவள் நான். அதே முண்டியடிப்பு, அதே கழுத்து நீட்டல்.

என் தம்பி புவனகிரியில் மொபைல் கடை வைத்திருக்கிறான். கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்தவன், குடும்ப வாட்ஸப் குழுவுக்குச் செய்தி வாசிப்பாளர் ஆனான். காலையில் "93" என்று போடுவான். ரோஜாப்பூப் படங்களுக்கு நடுவே பதில்கள் குவியும். "சூப்பர்" என்று ஒருவர். "கீப் இட் அப்" என்று ஒருவர். என் கணவரின் ஒன்றுவிட்ட தங்கை, "இன்னும் கொஞ்சம் ட்ரை பண்ணச் சொல்லுங்க அண்ணா" என்று எழுதியிருந்தாள். மயக்கத்தில் கிடக்கும் குழந்தையிடம் நான் எதை முயற்சி செய்யச் சொல்வது? போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டிப் பார்க்கும் சின்ன மிஷின் ஒன்று தம்பியிடம் இருந்தது. மறுநாள் அதையும் கொண்டுவந்தான். கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் பரீட்சை ஆரம்பித்தது. என் கணவருக்குத் தொண்ணூற்றொன்பது. "மாமா டிஸ்டிங்ஷன்!" என்று கூவினான். இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் இருந்த என் கணவர், அதைக் கேட்டு லேசாக நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். திட்டக்குடியிலிருந்து வந்திருந்த சித்தப்பாவுக்குத் தொண்ணூற்றிரண்டு வந்தது. அவர் பீடி குடிப்பவர். மிஷின் சரியில்லை என்று பத்து விரலையும் மாற்றி மாற்றி மாட்டினார். சுண்டுவிரலில் தொண்ணூற்றைந்து வந்தது. அந்த விரலை மட்டும் எல்லாரிடமும் காட்டிவிட்டு வந்தார்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குழந்தையைப் பார்க்க வந்தவர்தான். ஆனால் அவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியுமா? கோயிலுக்குப் போய்விட்டு இட்லி கொத்சு சாப்பிடாமல் வர முடியுமா? எல்லாம் முடித்து, கத்திரிக்காய் கொத்சின் நல்லெண்ணெய் வாசனையோடு கண்ணாடி முன் வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம பொண்ணுக்கு எவ்ளோ?" என்றார். தொண்ணூற்றுமூன்று என்றேன். "பரவால்ல. எங்க தெருவுல ஒரு பையன் இதே மாதிரி கெடந்து தொண்ணூத்தெட்டு எடுத்தான்" என்றார்.

பக்கத்துக் கட்டில் பையனின் அம்மாவிடமும் தம்பி மார்க் விசாரிக்கப் போனான். அவள் பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவள். பிறந்ததிலிருந்தே பையனுக்கு இருதயத்தில் கோளாறு. அவனுடைய திரையில் எண்பது, எண்பத்தொன்று என்றே நிற்கும். "எண்பதுதானா?" என்று தம்பி உச்சுக்கொட்டினான். அவள் கோபப்படவில்லை. "அவன் ஒடம்புக்கு எண்பதே சென்டம் தம்பி" என்றாள். தம்பி அந்தப் பக்கம் அப்புறம் போகவில்லை. எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஏதோ கூச்சத்தில் பிடிக்காமல் விட்டுவிட்டேன்.

அன்று டாக்டர் வெளியே வந்தபோது தம்பி வழிமறித்தான். "மேடம், பாஸ் மார்க் எவ்ளோ?"

டாக்டருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல என்று முகத்தில் தெரிந்தது. "தொண்ணூத்தி ரெண்டுக்கு மேல இருந்தா இந்தக் குழந்தைக்குப் போதும்" என்றார்.

"நூறு எப்ப மேடம் வரும்?"

"நூறு வேணவே வேணாம். ஆக்சிஜனத் தொறந்து விட்டா இப்பவே நூறு வந்துரும். தேவைக்கு ஜாஸ்தியா குடுத்தா அந்த ஆக்சிஜனே நுரையீரலக் கெடுக்கும். கம்மியா குடுத்து, அதுலயே நம்பர் நிக்குதான்னு பாக்குறோம். நின்னுச்சுன்னா கொழாய எடுத்துரலாம்."

எங்கள் வம்சத்திலேயே நூறு வேண்டாம் என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. டாக்டர் போனதும் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "நூறு வேணாம்னு சொல்றாங்களே அக்கா, இது நல்ல ஆஸ்பத்திரிதானா?" என்றான்.

எனக்கு டாக்டர் சொன்னது புரிந்தது. திரையில் எவ்வளவு தெரிகிறது என்பதைவிட, எவ்வளவு குறைந்த ஆக்சிஜனில் அது தெரிகிறது என்பதுதான் விஷயம். டியூஷனே வைக்காமல் எடுத்த மார்க்குக்குத்தான் மதிப்பு என்று தம்பியிடம் அவன் பாஷையிலேயே சொன்னேன். அவன் முகம் தெளிந்தது. அதை உடனே குழுவில் போட்டான்.

ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். எண் இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் தொண்ணூற்றாறில் போய் நின்றது. டாக்டர் திரையையும் நெஞ்சையும் பார்த்தார். நாளைக் காலை வரை இப்படியே இருந்தால் குழாயை எடுத்துவிடலாம் என்றார். என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். நாளைக்கு அவள் தானாக மூச்சு விடுவாள், குரல் கேட்கும். அதைத் தவிர உலகத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

குழுவில் தொண்ணூற்றாறு என்ற எண் பட்டாசுப் படங்களோடு போனது. கேக் படம் வந்தது. யாரோ ஒருவர் கோப்பைப் படம் போட்டிருந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் எல்லாரையும் வேன் வைத்துப் பிச்சாவரத்துக்குப் படகு சவாரிக்கு அழைத்துப் போகிறேன் என்று தம்பி அறிவித்தான். வேனில் யார் யாருக்கு இடம் என்று அங்கேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

அண்ணி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டாச்சா?" என்றார். "புள்ள இன்னும் எழுந்திரிக்கக்கூட இல்ல. அதுக்குள்ள அவுங்களுக்கெல்லாம் எதுக்குச் சொல்லணும்? எத்தினி பேரு கண்ணு!"

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று மதியம் உள்ளே போகும் முறை அவருடையது. போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கட்டிலின் கால்மாட்டில் குனிந்து பாதத்தை வருடிக்கொண்டிருந்தார். அப்போது மிஷின் கத்தியது. அது எதற்கெல்லாமோ கத்தும். நர்ஸ் பக்கத்துப் பையனுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் திரும்புவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. அண்ணி குழந்தையின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

அவர் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கத்தியது. இந்தத் தடவை நிற்கவில்லை. திரையில் எண்பத்தாறு, எண்பத்துமூன்று என்று இறங்கியது. நர்ஸ் ஓடினார். டாக்டர் வந்தார். குழாயைப் பார்த்தார்கள், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார்கள், சளியை உறிஞ்சி எடுத்தார்கள், ஆக்சிஜனை ஏற்றினார்கள். எண் ஏறவில்லை. தம்பி குழுவில் "82" என்று போட்டுவிட்டான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மணிக்கட்டில் நாடியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும், குழந்தையின் தலைப்பக்கம் நில்லுங்கள் என்றார் டாக்டர். கைக்கட்டை அவிழ்த்தார்கள். மயக்கம் முன்பே குறைக்கப்பட்டிருந்ததால் அவள் பாதி விழிப்பில் இருந்தாள். ஊசி ஏறியதும் முகம் கோணியது, கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வாயில் குழாய் இருந்தால் சத்தம் வராது. குழந்தை கதறி அழுகிறது, ஒரு சத்தமும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் துள்ளியதால் மயக்க மருந்தைக் கூட்டினார்கள். நாளைக்குக் குழாயை எடுப்பது அத்தோடு தள்ளிப் போயிற்று.

ரத்தம் போன வேகத்தில் முடிவு வந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார். "ரத்தத்துல ஆக்சிஜன் நல்லா இருக்கு" என்றார். "அப்பறம் இது ஏன் இப்படிக் காட்டுது?"

டேப்பைப் பிரித்தார். கட்டைவிரல் கருகருவென்று இருந்தது. நகம், நுனி, அடிப்பக்கம் என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் மை. வீட்டில் அண்ணி குழந்தைக்குப் பொட்டு வைக்கும் மைடப்பியிலிருந்து எடுத்து, திருஷ்டிக்கு, ஆசை தீர அப்பியிருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றித் துடைத்தார். ஒரு பஞ்சு போதவில்லை. புது டேப்பை மாட்டியதும் தொண்ணூற்றெட்டு என்று வந்தது. ஏற்றி வைத்த ஆக்சிஜனை உடனே இறக்கச் சொன்னார். "வெளிச்சம் உள்ளயே போவல. பின்ன எப்படிக் காட்டும்?" என்றார். "நாங்களும் மொதல்ல விரலப் பாத்திருக்கணும். யாரு வச்சாங்களோ, அவுங்க இனிமே உள்ள வரக் கூடாது."

நான் வெளியே வந்தபோது கூடத்தில் திருஷ்டி பற்றிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா போனில் யாரிடமோ மிளகாய், உப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். எல்லாரும் வாயடைத்துப் போவார்கள் என்று எதிர்பார்த்தேன். தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப கண்ணு பட்டது நெசந்தானேக்கா? கண்ணு படாமலா அவுங்களுக்கு அப்படி மை வைக்கத் தோணும்?" என்றான். சித்தப்பா பலமாகத் தலையாட்டினார். இந்த வாதத்தை உடைக்க எந்தக் கணக்கு டீச்சராலும் முடியாது.

நான் அண்ணியிடம் போனேன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினேன். உங்களுக்கு அறிவிருக்கிறதா, குழந்தையைக் கொல்லப் பார்த்தீர்களா என்றெல்லாம் கேட்டேன். "அவ்ளோ எடம் இருக்க அந்த வெரல்லதான் வைக்கணுமா?" என்றேன்.

அண்ணி தரையைப் பார்த்தபடி சொன்னார். "எல்லார் கண்ணும் அந்த வெரல் மேலதாம்மா. செவப்பா எரியிது, ஊரே அதத்தான பாக்குது. நெத்தியில வச்சா நர்சு தொடச்சிருவாங்கன்னு டேப்புக்கு உள்ள வச்சேன். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்." பிறகு, "தம்பி போன்ல போடுது. நீ டாக்டரம்மாகிட்ட இங்கிலீசுல பேசுற. எனக்கு என்னா தெரியும் சொல்லு. புள்ளைக்கி நானும் எதாச்சும் பண்ணணும்ல?" என்றார்.

ஆனாலும் என் கோபம் இறங்கவில்லை. அந்தச் சத்தமில்லாத அழுகையை அவர் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். இனி உள்ளே போகும் முறை எனக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். அண்ணி சரி என்றார். மறுநாள் முழுக்க அவர் கண்ணாடிப் பக்கம்கூட வரவில்லை. கூடத்தின் கடைசியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து நாற்காலியில், முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கணவர் வாங்கிக் கொடுத்த இட்லிப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

அதற்கு மறுநாள் காலையில் குழாயை எடுத்தார்கள். ஒருவர் மட்டும் உள்ளே இருக்கலாம் என்றார் டாக்டர். நான்தான் போனேன், அம்மா என்ற உரிமையில். குழாய் வெளியே வந்ததும் அவள் இருமினாள், உடம்பே குலுங்க இருமினாள். பிறகு அழுதாள். கரகரவென்று, காற்று கலந்த குரல். ஆனால் சத்தம் வந்தது. நானும் சத்தம் போட்டு அழுதேன். முகத்தில் சின்ன ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்தார்கள். திரையில் என்ன எண் என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அழுகை அடங்கியதும் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தாள். "அம்மா இங்கதான் இருக்காங்க பாரு" என்றார் டாக்டர். நான் குனிந்தேன். "அம்மா வந்துட்டேண்டா" என்றேன். அவள் என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துதான் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, எனக்குப் பின்னால் யாரையோ தேடினாள். உதடு அசைந்தது.

"அத்தை."

மறுபடியும் சொன்னாள். "அத்தை எங்க?" மறுபடியும் அழ ஆரம்பித்தாள். இருமல் வந்தது. "யாரு அத்தை? அழ விடாதீங்கம்மா, இப்பதான் கொழாய எடுத்திருக்கு" என்றார் டாக்டர். மை வைத்தவர்தான் என்றேன். டாக்டர் என்னையும் குழந்தையையும் பார்த்தார். "வரச் சொல்லுங்க" என்றார்.

கூடத்தின் கோடிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அண்ணி எழுந்துவிட்டார். மறுபடியும் திட்டத்தான் வருகிறேன் என்று நினைத்திருப்பார்.

"கொழாய எடுத்தாச்சு அண்ணி. உங்களத்தான் கேக்குறா" என்றேன்.

அவர் நேராக உள்ளே ஓடவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்து இரண்டு கைகளையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு என் முன்னால் வந்து, உள்ளங்கைகளை விரித்து, புரட்டி, நகங்களையும் காட்டினார். "பாத்துக்கம்மா. ஒண்ணும் இல்ல" என்றார்.

நான் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. பிடித்துக்கொண்டேன். கதவு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். ஒருவர் மட்டும்தான் உள்ளே இருக்கலாம் என்பதால், நான் வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன்.